மிஸஸ் எம். கில்லிஸுக்கு ஒரு தந்தி

கிளென்ரோரி, கேப் பிரெட்டன்
14 நவம்பர் 1943

அன்புள்ள தம்பி லாக்கிக்கு,

அக்கா டீனா எழுதுவது. அம்மாவின் இருமல் அம்மாவை விட்டு எனக்கு வந்திருக்கிறது. மற்றபடி வீட்டில் மாடு உட்பட எல்லாரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய்? போன கடிதத்தில் சாப்பாட்டைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது, உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை. "இவ்வளவு தின்கிறவன் நல்லாத்தான் இருப்பான்" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஒரு செய்தி. நம் தந்திக்காரன் மர்டோக் கடற்படையில் சேர்ந்துவிட்டதால் தந்தி ஆபீஸ் என் தலையில் விழுந்துவிட்டது. விளையாட்டாக அவனிடம் தந்தி அடிக்கும் கட்டுக்கடா பாஷை கற்றுக்கொண்டது வினையாகப் போயிற்று. முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. மீன் விலை, பாஸ்டனில் யாருக்கோ பிள்ளை பிறந்தது என்று வரும். இப்போது வருவது வேறு. கெட்ட தந்தி வந்தால் ஃபாதர் ராங்கின் கூட வராமல் நான் எந்த வீட்டுக்கும் போகக்கூடாது என்று அவரே சட்டம் போட்டிருக்கிறார். அதனால் ஊருக்கும் கணக்குத் தெரிந்துவிட்டது. டீனா தனியாக வந்தால் மீன் விலை, ஃபாதரோடு வந்தால் சாவு. நாங்கள் இருவரும் சாலையில் இறங்கினால் ஜன்னல் திரைகள் வரிசையாக விழுகின்றன. போன வாரம் ஃபாதர் சும்மா என்னோடு பேசிக்கொண்டு நடந்ததற்கு மூன்று வீட்டில் ஜெபமாலையை எடுத்துவிட்டார்கள்.

பெயர்த் தொல்லை வேறு. இங்கே கல்லை எறிந்தால் ஒரு கில்லிஸ் மண்டையில்தான் விழும். விமானப் படையிலேயே இரண்டு லாக்லன் கில்லிஸ். கரை டான் மகன் நீ, சிவப்புச் சாண்டி மகன் அவன். உன் அம்மா மார்கரெட், அவன் அம்மா மேரி ஆன், இருவருமே மிஸஸ் எம். கில்லிஸ். அப்பன்மார் இருவரும் மேலே போய்ச் சேர்ந்தாயிற்று, கேட்டுத் தெளியவும் வழியில்லை. உன் போன கடிதம் அவர்கள் வீட்டுக்குப் போய், மேரி ஆன் சித்தி அதைப் பிரித்துப் படித்துவிட்டுக் கொண்டு வந்தார். "பாதி படிச்சப்புறம்தான் இது என் பையன் இல்லைன்னு தெரிஞ்சுது மார்கரெட். மீதியை விட மனசு வரலே. உன் பையன் நல்லா எழுதறான்" என்றார். அதனால் இனிமேல் உறையில் உன் படை எண்ணைப் பெரிதாக எழுது. இந்த ஊரில் அதுதான் உன் பெயர்.

உன் பறக்கும் தவணை எப்போது முடிகிறது, எப்போது ஊருக்கு விடுவார்கள்? ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மா கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா டீனா


வடக்கே ஓரிடம்
19 டிசம்பர் 1943

அன்புள்ள அக்காவுக்கு,

லாக்கி எழுதுவது. நான் சுகம். எடைகூட ஏறியிருக்கிறது, போதுமா? உன் இருமலுக்குத் தேனும் ரம்மும் சாப்பிடு, தேன் கிடைக்காவிட்டால் ரம் மட்டும். அம்மா பின்னிய காலுறை வந்தது. ஒன்று எனக்குச் சரியாக இருக்கிறது, மற்றது என் விமானத்து வழிகாட்டி ஓர்வில் ஸ்டாக்குக்குச் சரியாக இருக்கிறது. இதை அம்மாவிடம் சொல்லாதே.

அம்மா ஊரெல்லாம் என்னை விமானி என்று சொல்லிக்கொள்வதாக எழுதியிருந்தாய். அப்பாவின் படகை ஓட்டியவன் இப்போது கொஞ்சம் உயரத்தில் ஓட்டுகிறேன், அவ்வளவுதான். தண்ணீரில் இறங்கும் பறக்கும் படகு இது, சக்கரம் கிடையாது. காலையில் சின்னப் படகில் துடுப்புப் போட்டுப் போய்த்தான் பெரிய படகில் ஏற வேண்டும். மழை வந்தால் உள்ளே ஒழுகும், அடியில் பாசி பிடிக்கும், சுரண்ட வேண்டும். உள்ளே அடுப்பு இருக்கிறது. ஓர்வில் சஸ்காச்சுவன் கோதுமை வயலில் பிறந்தவன், கடலை முதல் முறை பார்த்ததே படையில் சேர்ந்த பிறகு. ஆனால் பன்றி இறைச்சி வறுப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. விடிந்ததிலிருந்து பொழுது போகும் வரை கீழே சாம்பல் நிறத் தண்ணீர், வேறு ஒன்றும் இல்லை. எல்லாரும் மாற்றி மாற்றி அதையே பார்த்துக்கொண்டிருப்போம். பார்த்துப் பார்த்து, தரையில் இறங்கிய பிறகும் கண் நிற்காமல் அலைகிறது. ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.

தவணையைப் பற்றிக் கேட்டிருந்தாய். பனி எப்படி, அதிகமா? மாட்டுக் கொட்டகையின் வடக்குப் பக்கக் கூரையைப் பார்க்கச் சொல், போன தடவையே ஆடிக்கொண்டிருந்தது.

அனைவருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. அம்மாவுக்கு என் முத்தம்.

உன் தம்பி,
லாக்கி


கிளென்ரோரி
11 மார்ச் 1944

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் சுகம். என் கன்னம் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. காரணம் நீதான்.

வியாழக்கிழமை தந்தி வந்தது. எழுத்து எழுத்தாக என் கையாலேயே எழுதினேன். பிளைட் லெப்டினன்ட் லாக்லன் கில்லிஸ், நீர்மூழ்கியைத் தாக்கி மூழ்கடித்ததற்காக வீரச் சிலுவைப் பதக்கம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோட்டைக்கூட மாட்டாமல் பனியில் ஓடினேன். அம்மா சமையலறை ஜன்னலில் நின்றிருக்கிறார். நான் தலைவிரி கோலமாக ஓடி வருவதைப் பார்த்ததும் கதவைத் தாழ்போட்டுவிட்டார்.

"போடி! ஃபாதர் இல்லாம நீ எதுக்கு ஓடி வர்றே?"

"அம்மா, பதக்கம்மா! லாக்கிக்குப் பதக்கம்!"

"பொய் சொல்லாதே! உங்கப்பா போனப்பவும் முதல்ல கால்ல அடின்னுதான் சொன்னாங்க!"

நான் சாவித் துவாரத்தில் வாயை வைத்துத் தந்தி முழுவதையும் கத்திப் படித்தேன். அதற்குள் மேரி ஆன் சித்தி உட்பட அக்கம்பக்கம் முழுக்க முற்றத்தில் கூடிவிட்டது. கடைசியில் கதவு திறந்தது. அம்மா ஓங்கி ஓர் அறை விட்டார், அப்புறம் அதே கன்னத்தில் முத்தம் கொடுத்தார். "நல்ல சேதியை ஒழுங்கா நடந்து வந்து சொல்லத் தெரியாதா?" என்றார். அன்று மாலை ஊர் முழுக்க நம் வீட்டில்தான் ஃபிடில், ஆட்டம். சர்க்கரை ரேஷன் ஒரே நாளில் காலி.

எல்லாரும் போன பிறகு அம்மா கேட்டார்: "அந்த நீர்மூழ்கிக்குள்ள ஆளுங்க இருந்திருப்பாங்க இல்லையா?" எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

இவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டு, கூரை ஆடுகிறதா என்று கேட்டு எழுதுகிறாயே, உன்னை என்ன செய்வது? இனியாவது தவணை முடியும் நாளைச் சொல்.

பெருமையுடன்,
அக்கா டீனா


வடக்கே ஓரிடம்
16 ஏப்ரல் 1944

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கன்னம் சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன். சாவித் துவாரக் கதையை எங்கள் கூட்டத்தில் நாலு முறை சொல்லிவிட்டேன். ஓர்வில் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறான். கல்யாணம் ஆகாதவன், ஜாக்கிரதை.

அம்மா கேட்டதற்குப் பதில், இருந்தார்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

அது முங்கிய பிறகு தண்ணீரில் தலைகள் தெரிந்தன. ஒருவன் கையைத் தூக்கினான். திட்டினானா, கூப்பிட்டானா, மேலிருந்து தெரியவில்லை. எங்களிடம் உபரியாக இருந்த ஒரு ரப்பர் படகைப் போட்டோம். வெளிக்கடலில் இறங்கக்கூடாது என்பது எங்களுக்கு உத்தரவு. நியாயமான உத்தரவுதான், அலையில் இறங்கினால் அடிப்பலகை பிளந்துவிடும். இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிவிட்டோம். ஓர்வில் வழக்கம்போல இறைச்சி வறுத்தான், யாரும் தொடவில்லை.

நம் ஊரில் தண்ணீரில் ஆள் கிடந்தால், அவன் நம் வலையை அறுத்தவனாக இருந்தாலும் படகைத் திருப்புவோம். அப்பா திருப்பியிருக்கிறார். இங்கே அதை யாரிடம் சொல்ல? பதக்க நாடாவைக் காலுறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன். பதக்கத்தை ராஜா கையால் ஒரு நாள் குத்துவார்களாம்.

தூக்கம் சரியில்லை. பெரிதாக ஒன்றுமில்லை. எழுந்து படகுத்துறை வரை நடந்துவிட்டு வந்தால் சரியாகிவிடும்.

அம்மாவிடம் நான் சிரித்துக்கொண்டிருப்பதாகச் சொல்.

உன் தம்பி,
லாக்கி


கிளென்ரோரி
14 மே 1944

லாக்கி,

அம்மா சுகம், நான் சுகம், மாடு கன்று போட்டுவிட்டது. நலம் விசாரிப்பு முடிந்தது. இனி என் வாயில் நல்ல வார்த்தை வராது.

உனக்கு ஊருக்குத் திரும்ப உத்தரவு வந்தது என்றும், வேண்டாம் என்றுவிட்டாய் என்றும் எனக்குத் தெரியும். யார் சொன்னது தெரியுமா? சிவப்புச் சாண்டி மகன் லாக்கி, இங்கிலாந்திலிருந்து தன் அம்மாவுக்கு எழுதியிருக்கிறான். அவன் குண்டு விமானத்தின் வாலில் உட்கார்ந்துகொண்டு எப்போது ஊருக்கு விடுவார்கள் என்று ஏங்குகிறான். உன்னை வா வா என்கிறார்கள், உனக்குக் கசக்கிறது. மேரி ஆன் சித்தி என்னைத் தந்தி ஆபீஸில் தனியாகப் பார்த்துத்தான் சொன்னார். "உங்கம்மா காதுக்கு இது போக வேண்டாம் டீனா. பெத்தவளுக்கு இதைவிடக் கஷ்டம் வேற இல்லை" என்றார். அந்தப் பொம்பளைக்கு இருக்கிற மனசு பெற்ற பிள்ளையான உனக்கு இல்லையே.

ஒவ்வொரு கடிதத்திலும் தவணையைக் கேட்டேன். கூரையைச் சொன்னாய், பன்றி இறைச்சியைச் சொன்னாய். நான் என்ன குழந்தையா? கருவி தட்ட ஆரம்பிக்கும்போதெல்லாம் முதல் நாலு எழுத்து வரும்வரை நான் மூச்சு விடுவதில்லை. கில்லிஸ் என்று வந்தால் அடுத்த நாலு எழுத்துக்கும் விடுவதில்லை. அதை எழுதி, மடித்து, ஃபாதரைக் கூப்பிடப் போய், யாரோ ஒரு தாயின் கதவைத் தட்டுகிறேன். உன் பேர் வந்தால் நான் எந்தக் கதவைத் தட்டுவேன் என்று ஒரு நிமிஷமாவது யோசித்தாயா? அந்தக் கதவு எப்படித் தாழ்போட்டுக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும்.

வா. வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

டீனா


வடக்கே ஓரிடம்
7 ஜூன் 1944

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. ஓர்வில் என் முகத்தைப் பார்த்துவிட்டு "யார் செத்தது?" என்றான். "நான்தான், எங்க அக்கா கையால" என்றேன்.

நீ சொன்னது எல்லாம் நிஜம். ஒன்டேரியோவில் ஓர் ஏரியாம். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு வாத்துகளுக்கு நடுவில் இறங்கக் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். அவர்கள் என்னிடம் கேட்பார்கள், "சார், தண்ணீரில் ஆள் கிடந்தால் என்ன செய்ய?" என்று. அதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல்தான் வேண்டாம் என்றேன். உனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். பகலில் எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

நேற்று அதிகாரியிடம் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். செப்டம்பரில் கப்பல். வழியில் இரண்டு வாரம் வீட்டில் இருக்கலாம். அம்மாவிடம் சொல்லிவிடு. இது வாக்கு.

இந்தக் கடிதத்தை முடிப்பதற்குள் மூன்று முறை எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டேன். நான் வந்தால் வீட்டில் என்னை உட்கார வைப்பது உங்கள் பாடு.

கன்றுக்குட்டிக்கு என்ன பேர்? தந்தி ஆபீஸை வேறு யாரிடமாவது கொடுத்துவிடு அக்கா. உனக்கு அது வேண்டாம்.

உன் தம்பி,
லாக்கி


கிளென்ரோரி
1 ஜூலை 1944

அன்புள்ள தம்பி லாக்கிக்கு,

எல்லாரும் சுகம். அம்மா இருபது வயது குறைந்த மாதிரி நடக்கிறார். உன் கடிதம் வந்த அன்றே உன் அறையைக் காலி செய்து சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்துவிட்டார். ஜன்னலுக்குப் பச்சை வர்ணம். "நீலம்தான் அவனுக்குப் பிடிக்கும்" என்றேன். "நீலத்தைப் பாத்துப் பாத்துத்தானே அங்க அலுத்துப் போயிருக்கான்" என்றார். கன்றுக்கு டோலி என்று பேர்.

இங்கே ஒரு துக்கம். சிவப்புச் சாண்டி மகன் லாக்கி போய்விட்டான். வியாழக்கிழமை தந்தி வந்தது. கம்பியில் ஒரே இரைச்சல், ஒன்றிரண்டு வார்த்தை சரியாக விழவில்லை. எல். கில்லிஸ், விமானப் பணியில் மரணம், தாய் மிஸஸ் எம். கில்லிஸ். ஃபாதர் பக்கத்து ஊர்ப் பங்குக் கோயிலுக்குப் போயிருந்தார், ஒரு வாரம் கழித்துத்தான் வருவார். வேறு வழியில்லாமல் தனியாகப் போனேன்.

மேரி ஆன் சித்தி உருளைக்கிழங்குப் பாத்தியில் நின்றிருந்தார். நான் தனியாக வந்ததால் சிரித்துக்கொண்டே கையைத் துடைத்தார். நீட்டினேன். படித்தார். ரொம்ப நேரம் படித்தார், இருந்தது மூன்று வரிதான்.

"டீனா, இது எனக்கா?" என்றார்.

"ஆமா சித்தி" என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். அப்புறம் மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "சரி. நீ உள்ள வந்து உக்காரு" என்றார். ஆறுதல் சொல்லப் போன எனக்கு அவர் தேநீர் போட்டுக் கொடுத்தார்.

அம்மா சர்க்கரைப் பாகு ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போய், அங்கேயே இருக்கிறார்.

நீ உடனே எழுது. ஒரு வரி போதும்.

அன்புடன்,
அக்கா


படை மருத்துவமனை, வடக்கே ஓரிடம்
2 ஜூலை 1944

அன்புள்ள மிஸ் கில்லிஸுக்கு,

உங்களை நான் பார்த்ததில்லை, ஆனால் நன்றாகத் தெரியும். உங்கள் தம்பியின் வழிகாட்டி ஓர்வில் ஸ்டாக் நான். தந்தி உங்களுக்கு முன்பே வந்திருக்கும். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. நான் பிழைத்துக்கொண்டேன். கால் விரல்கள் சில போய்விட்டன, அதைப் பற்றி ஒன்றுமில்லை.

எங்களைப் போலவே இன்னொரு பறக்கும் படகு முந்தின நாள் விழுந்துவிட்டது. தேடப் போனோம். மதியம் தாண்டி லாக்கிதான் பார்த்தான். ஒரு கவிழ்ந்த ரப்பர் படகு, அதைப் பிடித்துக்கொண்டு ஐந்து பேர். கடல் மோசம். இரண்டு திசையிலிருந்து அலை வந்து முட்டிக்கொண்டிருந்தது. மீட்புப் படகு வர மறுநாள் ஆகும் என்று பதில் வந்தது.

லாக்கி எங்கள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டான். உத்தரவு போடவில்லை. "நான் இறங்கணும்னு நினைக்கிறேன். இறங்கினா திரும்ப ஏற முடியாமப் போகலாம். ஒருத்தன் வேண்டாம்னாலும் இறங்க மாட்டேன்." யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் முறை வந்தபோது, "உனக்கு நீச்சல் தெரியாதேடா ஓர்வில்" என்றான். "உன் பக்கத்துலயே இருந்துக்கறேன்" என்றேன்.

அப்படி ஒரு இறக்கத்தை நான் பார்த்ததில்லை. எதிர்த்துப் போகாமல் அலையின் முதுகோடு வைத்து இறக்கினான். ஐந்து பேரையும் ஏற்றினோம். கிளம்பப் பார்த்தபோது குறுக்கலை அடித்து அடிப்பலகை பிளந்துவிட்டது. பொழுதெல்லாம் தண்ணீரை இறைத்தோம். முடியாமல் போனதும் எங்கள் இரண்டு ரப்பர் படகுகளில் இறங்கினோம். எல்லாருக்கும் இடமில்லை. முறை வைத்துச் சிலர் தண்ணீரில் பக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். அவன் முறை முடிந்து மேலே வரச் சொன்னால் "அடுத்த தடவை வர்றேன்" என்பான். அப்படியே சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் நாங்கள் இழுத்துப் போட்டபோது அவனுக்குப் பேச்சில்லை. மறுநாள் மீட்புப் படகு வந்தது. அதில் ஏற்றிய பிறகு, என் மடியில்தான் போனான்.

ஐந்து பேரில் நாலு பேர் இருக்கிறார்கள். இந்த வார்டிலேயே இருக்கிறார்கள். அவனை இங்கே கல்லறையில் வைத்தோம், கடல் தெரியும் இடம். இன்னொரு பெரிய பதக்கத்துக்கு எழுதியிருக்கிறார்கள்.

செப்டம்பர்க் கப்பல் சீட்டு அவன் சட்டைப்பையில் இருந்தது. வீட்டுக்கு வர அவனுக்கு நிஜமாகவே ஆசைதான். அதை நீங்கள் நம்ப வேண்டும்.

உங்கள்,
ஓர்வில் ஸ்டாக்


கிளென்ரோரி
13 ஜூலை 1944

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதம் இன்னும் வரவில்லை. யுத்தம் மும்முரமாக இருப்பதால் தபால் தாமதம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான்தான் சொல்கிறேன், எல்லாரும் கேட்டுக்கொள்கிறார்கள்.

மேரி ஆன் சித்தி கறுப்பு உடுத்திவிட்டார். அம்மா தினமும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நேற்று நானும் போனேன். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பையன் வர்றப்ப உன் கண்ணு முன்னாடி வந்து நிப்பானே, உனக்கு எப்படி இருக்கும் மேரி ஆன்" என்று அழுதார். சித்தி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார் பார், இரண்டு பேரையும் பிரிக்க முடியவில்லை. நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

ஃபாதர் வந்துவிட்டார். துக்கப் பூசை வைக்கலாம் என்றார். "படையிலேருந்து காகிதம் வரட்டும் ஃபாதர், இப்ப வேண்டாம்" என்று சித்தி மறுத்துவிட்டார். தந்தியை அவரிடம்கூடக் காட்டவில்லை. வீம்புக்காரி.

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஆபீஸைத் திறக்கிறேன், மூடுகிறேன், மறுபடி திறக்கிறேன். உன் ஜன்னலுக்கு இரண்டாவது கை வர்ணம் அடித்தாயிற்று.

உன் படை எண் எனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. அடுத்த கடிதத்தில் எழுதி அனுப்பு.

அக்கா


கிளென்ரோரி
19 ஜூலை 1944

லாக்கி,

எழுது.

டீனா


கிளென்ரோரி
6 ஆகஸ்ட் 1944

அன்புள்ள மிஸ்டர் ஸ்டாக்குக்கு,

உங்கள் கால் ஆறிவருகிறதா? காயத்தில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதம் சென்ற மாதக் கடைசியில் வந்தது. தந்தி எங்களுக்கு முன்பே வந்திருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். தம்பிக்கு எல்லாவற்றையும் எழுதிப் பழகிவிட்டேன், இப்போது எழுத வேறு ஆள் இல்லை.

அந்தத் தந்தியை நான்தான் கம்பியிலிருந்து இறக்கினேன். இரைச்சல் என்று தம்பிக்கு எழுதினேன். கம்பி அன்று சுத்தமாக இருந்தது. பதவி வந்தது, எண் வந்தது, பேர் வந்தது. பதவியை விட்டுவிட்டு மீதியை எழுதினேன். ஏன் என்று கேட்காதீர்கள். என் கால் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பேர் ஒன்று, அம்மா பேரின் முதல் எழுத்து ஒன்று. வழியெல்லாம் இது அந்த லாக்கிதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு போனேன். கதவைத் தட்டும்போது நம்பியே விட்டேன். அப்படியும் ஒரு மனுஷி செய்வாளா என்று கேட்டால், நான் செய்தேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் நேராக மேரி ஆன் சித்தி வீட்டுக்குப் போனேன். என்னை அடித்தால் அடிக்கட்டும், போலீசைக் கூப்பிட்டால் கூப்பிடட்டும் என்றுதான் போனேன். வாசலிலேயே முழங்கால் போட்டு, "சித்தி, உங்க பையன் உசிரோட இருக்கான். அது எங்க லாக்கி. நான்..." என்றேன்.

அவர் என் தோளைப் பிடித்துத் தூக்கினார். "தெரியும் கண்ணு" என்றார்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். பார்சல் கட்டறப்பல்லாம் என் பையன் நம்பரை எழுதறவ நான். தந்தியில இருந்தது அது இல்லைன்னு எனக்குத் தெரியாதா? இது எனக்கான்னு உன்னைக் கேட்டேனே. ஆமாம்னே. உன் மூஞ்சியைப் பாத்தேன். இந்தப் பொண்ணால இதை அவ வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக முடியாதுன்னு தெரிஞ்சுது. சரி, கொஞ்ச நாள் நம்மகிட்ட இருக்கட்டும்னு வாங்கி வச்சுக்கிட்டேன்."

"கறுப்பு உடுத்தினீங்களே சித்தி!"

"பின்னே? அவனுக்கு யாராவது உடுத்த வேண்டாமா? உங்கம்மா சுண்ணாம்பு அடிச்சுக்கிட்டிருந்தா. அவ சந்தோஷமா இருக்கட்டும்னு விட்டேன். உன் தம்பிக்கு நான் அழுதுட்டேன் டீனா. வெளிய தெரிய, வாய் விட்டு அழுதுட்டேன். சாவு விழுந்த வீட்டுல யாருமே அழாம இருக்கக்கூடாது."

என்னை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனார். வரும்போது கறுப்பைக் கழற்றிவிட்டு வேலைக்கு உடுத்துகிற நீலத்தில் வந்தார். "இந்தக் கோலத்துல உங்க வீட்டுக்கு வந்து உங்கம்மாவை நான் ஏமாத்தக்கூடாது. வா, ரெண்டு பேருமாப் போவோம்" என்றார்.

அம்மா அடுப்படியில் ஓட்ஸ் ரொட்டி புரட்டிக்கொண்டிருந்தார், சித்தி வீட்டுக்குக் கொண்டுபோகத்தான். கதவு திறந்து கிடந்தது. நாங்கள் நுழைந்ததும் நிமிர்ந்தார். முதலில் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் சித்தியின் நீல உடுப்பைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சித்தியிடம் கேட்டார்:

"மேரி ஆன், உன் பையன் உசிரோட இருக்கானா?"

சித்தி ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"கடவுளுக்கு நன்றி" என்றார் அம்மா. அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அடுப்புப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

லாக்கி ஏற்றிப் பிழைத்த அந்த நாலு பேருடைய அம்மாமார் விலாசம் கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள். அம்மா கேட்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லாக்கியின் அக்கா,
கிறிஸ்டீனா கில்லிஸ்